டிசைன் மாநாட்டில் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது: முதல் முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக ஒரு டிசைன் மாநாட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பியபோது என் போனில் 340 படங்கள் இருந்தன. எல்லாம் மேடைத் திரையைப் பிடித்தவை. பாதிப் படத்தில் லோகோ, மீதிப் பாதியில் முன்வரிசைக்காரரின் தலை. அவற்றில் ஒன்றைக்கூட வேலைக்கென்று நான் திறந்து பார்த்ததில்லை. இரண்டு நாளும் மெய்சிலிர்த்தது உண்மை. திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது கையில் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை.

பேச்சாளர்கள் மேல் குறை இல்லை. நான்தான் பட்டிமன்றம் கேட்கிற காதோடு போயிருந்தேன். பட்டிமன்றத்தில் கைதட்டல் விழும் இடம்தான் சரக்கு. டிசைன் பேச்சில் அப்படி இல்லை. கைதட்டலுக்கு நாலைந்து நிமிடம் முன்னால், "இங்கேதான் மாட்டிக்கொண்டேன்" என்று பேச்சாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடக்கிற ஒரு வாக்கியம் இருக்கும். சரக்கு அங்கே இருக்கிறது. என் நோட்டில் அதற்கு 'முட்டிய இடம்' என்று பெயர். அதைப் பிடிப்பதற்கான வழிதான் கீழே இருப்பது.

எந்த மாநாடு

முதல் தடவைக்குப் பெரிய இடம் வேண்டாம் என்பது என் கட்சி. பார்சிலோனாவில் 2001-ல் தொடங்கிய ஆஃப் (OFFF) டிசைன் திருவிழா, நம் நாட்டில் 2006-ல் தொடங்கிய கியூரியஸ் டிசைன்யாத்ரா போன்றவை கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த அளவு கூட்டத்தில் பேச்சாளர் உங்களுக்கு மேடையில் தெரிகிற ஒரு புள்ளிதான். புதிதாக வருகிறவருக்கு, பேச்சாளரும் தானும் ஒரே டீ வரிசையில் நிற்கிற மாநாடு வேண்டும்.

எழுத்து, அச்சு, லோகோ பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது டைப்போகிராபி டே. இந்த மாநாட்டை 2008-ல் ஐ.ஐ.டி. பம்பாயின் ஐ.டி.சி. என்ற வடிவமைப்புப் பள்ளி தொடங்கியது. ஒரே ஊரில் நிற்காமல் வெவ்வேறு கல்லூரிகளுக்குப் போய் நடந்திருக்கிறது. 2017-ல் இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடந்தது. அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான்: முதலில் எழுத்துக்கலைப் பட்டறை, அடுத்த இரண்டு நாள் பேச்சும் கட்டுரை வாசிப்பும். ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் (அந்தக் குறி 2010-ல் ஏற்கப்பட்டது) தமிழ் எழுத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ததும் இதே ஐ.டி.சி.யில்தான். ஆகவே நீங்கள் ஒரு 'ஞ'வைக் காட்டிப் பேசினால் "இது எந்த மொழி?" என்று விழிக்காத கூட்டம் அங்கே கிடைக்கும்.

மாணவராக இருந்தால் மாணவர் கட்டணம் உண்டா, தன்னார்வலராகச் சேர்ந்தால் உள்ளே விடுவார்களா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். பட்டறை இருந்தால் அதை மட்டும் விடாதீர்கள். மூங்கில் பேனாவைச் சாய்வாகச் சீவி, மையில் தோய்த்து, ஒரு 'அ' போட முயன்று கை நடுங்கிய பிறகு மறுநாள் பேச்சைக் கேட்பது வேறு மாதிரி இருக்கும். முந்தின நாள் உங்கள் கை எங்கே வழுக்கியது என்பது உங்களுக்கே நினைவிருக்குமே.

போவதற்கு முன்னால் வீட்டுப்பாடம்

கிரிக்கெட் தெரியாமல் மைதானத்துக்குப் போகிற மாதிரி வெறுங்காதோடு போகாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பேச்சுகளில் மூன்றையாவது, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம் போதும்.

முதலில் மேத்யூ கார்ட்டர். வெர்டானா, ஜார்ஜியா எழுத்துருக்களை வடிவமைத்தவர். 2014-ல் டெட் (TED) மேடையில் பேசினார். அவர் பேச்சில் முட்டிய இடம் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை, பேச்சு முழுக்கவே அதுதான். ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைபேசி டைரக்டரிக்காக அவர் செய்த பெல் சென்டெனியல் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் முடிந்த வேலை. மட்டமான காகிதம், வேகமாக ஓடும் அச்சு இயந்திரம், 6 பாயின்ட் என்கிற பொடி எழுத்து. மை கசிந்து பரவி, இரண்டு கோடு சேரும் மூலையெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஒரு எண் தெரியாமல் போனாலும் ஆள் தப்பான வீட்டுக்குப் போன் போடுவார். கார்ட்டர் என்ன செய்தார் தெரியுமா? மை எங்கே தேங்குமோ அந்த மூலைகளில் எழுத்தையே கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். அச்சாகும்போது மை வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும், எழுத்து ஒழுங்காகத் தெரியும்.

இந்தக் கதையை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை எல்லோரையும் போல "ஆகா" சொல்லலாம். இரண்டாம் தடவை மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள்: எது தடுத்தது? தப்பினால் யாருக்கு நஷ்டம்? எந்த இடத்தில் கை வைத்தார்? மாநாட்டில் எல்லாப் பேச்சுக்கும் இந்த மூன்றையும்தான் கேட்கப் போகிறீர்கள்.

இரண்டாவது சூசன் கேர். 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் ஐகான்களை வரைந்தவர். அவருக்கு இருந்த இடம் 32க்கு 32 கட்டம், அதாவது 1,024 சதுரம், அதுவும் கறுப்பு வெள்ளை. அவர் முதலில் வாங்கியது மென்பொருள் இல்லை, கட்டம் போட்ட நோட்டு. கோலம் போட்டுப் பழகிய வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும்.

மூன்றாவது அமெரிக்க கிராபிக் டிசைனர் பவுலா ஷேர். இவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1998-ல் சிட்டிகார்ப் வங்கியும் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனமும் இணைந்தபோது, முதல் கூட்டத்திலேயே ஒரு நாப்கின் காகிதத்தில் சிட்டி லோகோவைக் கிறுக்கிக் காட்டினார் என்பது எல்லோருக்கும் பிடித்த கதை. டிராவலர்ஸின் குடையையும் சிட்டியின் ஆங்கில 't' எழுத்தையும் ஒரு வளைகோட்டில் சேர்த்துவிட்டார். இதைக் கேட்டுவிட்டு "மேதைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அந்த வேலையில் வரைவது சின்னப் பங்குதான். இணைந்த இரண்டு பெரிய நிறுவனத்து ஆட்களை அதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் நீண்ட வேலை, அதையும் அவர் பல இடங்களில் பேசியிருக்கிறார். கைதட்டல் நாப்கினுக்கு. முட்டிய இடம் கூட்ட அறையில்.

நிகழ்ச்சி நிரலில் யாரைத் தேர்ந்தெடுப்பது

ஒரே நேரத்தில் இரண்டு அரங்கில் பேச்சு இருந்தால் பெரிய பெயரின் பின்னால் ஓடத்தான் தோன்றும். எனக்கும் தோன்றும். பெயரை மூடிவிட்டுப் பேச்சின் சுருக்கத்தை மட்டும் படியுங்கள். அதில் ஒரு குறிப்பிட்ட வேலை, ஒரு குறிப்பிட்ட சிக்கல் இருக்கிறதா? "படைப்பாற்றலின் எதிர்காலம்" என்ற மாதிரித் தலைப்பு இருந்தால் நான் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவேன். "பேருந்து நிலையப் பலகைகளில் மூன்று மொழியை எப்படி அடுக்கினோம்" என்று இருந்தால், பேசுகிறவர் கல்லூரி விட்டு இரண்டு வருடம் ஆன பிள்ளையாக இருந்தாலும் முன்வரிசையில் இருப்பேன்.

படம் காட்டுகிறவர்கள் என்று ஒரு வகை உண்டு. விளக்கை அணைத்து, இசையைப் போட்டு, பத்து வருட வேலையை நாலு நிமிடத்தில் ஓட்டிவிடுவார்கள். மயிர்க்கூச்செறியும், கை சிவக்கத் தட்டுவோம். நோட்டில் ஒரு வரி தேறாது. ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு வகை, வாழ்க்கையையே பேச்சாக்குகிறவர்கள். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் ஸ்டூடியோ வைத்த ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் இதில் ராஜா. 1999-ல் டெட்ராய்ட்டில் தான் பேசப்போகும் கூட்டத்துக்கான போஸ்டருக்கு, எழுத்துகளைத் தன் உடம்புத் தோலிலேயே கத்தியால் கீறவைத்துப் படம் எடுத்தார். (யாரும் முயல வேண்டாம், நம் ஊரில் அலகு குத்துவதோடு நிறுத்திக்கொள்வோம்.) ஏழு வருடத்துக்கு ஒரு முறை ஸ்டூடியோவை ஒரு வருடம் மூடிவிட்டு ஓய்வெடுப்பது பற்றி 2009-ல் அவர் பேசிய டெட் பேச்சைக் கேட்டால் மனசு லேசாகிவிடும். ஆனால் திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவனுக்கு ஒரு வருட ஓய்வு எங்கே கிடைக்கும்? ஆடி மாதம் கிடைக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தேன், அந்த அளவுக்கு அந்தப் பேச்சு உதவியது. குறைவாகச் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு நான்கு பேச்சு போதும். ஐந்தாவதில் கண் திறந்திருக்கும், காது மூடிவிடும்.

அரங்குக்குள்ளே

போனைப் பையில் போடுங்கள். சரி, ஒரு பேச்சுக்கு மூன்று படம் என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்த லோகோவைப் பிடிக்காதீர்கள், அது அவர்களுடைய இணையதளத்திலேயே இதைவிடத் தெளிவாக இருக்கும். தள்ளுபடியான வரைவுகள் திரையில் வரும்போது பிடியுங்கள். அவை வேறெங்கும் கிடைக்காது, திரையிலும் பத்து வினாடிதான் நிற்கும்.

சாதாரண நோட்டு போதும். நியூயார்க் டிசைனர் மைக்கேல் பீரட் 1982 முதல் ஒரே மாதிரியான பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதிவருகிறார், நூறைத் தாண்டிவிட்டன. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பேச்சாளரின் முட்டிய இடம். வலப்பக்கம் உங்களுடையது: அதே மாதிரி நான் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன்? வலப்பக்கம் காலியாக இருந்தால் இருக்கட்டும். கட்டாயப்படுத்தி நிரப்பாதீர்கள்.

ஒரு உதாரணம். தமிழ் எழுத்துரு ஒன்றைப் பற்றிப் பேசிய ஒரு பெண் 'ழ'வின் ஏழெட்டு வரைவுகளை வரிசையாகக் காட்டினார். முதல் வரைவில் வால் நன்றாக நீண்டு சுழன்று அழகாக இருந்தது. அரங்கில் ஒரு முணுமுணுப்பே எழுந்தது. ஆனால் இரண்டு வரி சேர்த்து வைத்ததும், மேல்வரி 'ழ'வின் வால் கீழ்வரி 'கி'யின் மேல்விலங்கில் போய் இடித்தது. வரி இடைவெளியைக் கூட்டினால் புத்தகம் பத்துப் பக்கம் நீளும், பதிப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாலை வெட்டினார், எழுத்து நொண்டியது. பிறகு வாலை வெளியே விடாமல் உள்பக்கம் மடக்கி, அதற்கு ஈடாக உடம்பைக் கொஞ்சம் அகலமாக்கினார். முடிவான 'ழ' திரையில் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் நோட்டில் எழுதியது 'கி'யைப் பற்றி. எழுத்தை மட்டும் தனியாக வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதன் கீழ்வீட்டுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

உட்காரும் இடம்: நடைபாதை ஓரம், நடு வரிசை. மைக் உங்களிடம் சீக்கிரம் வரும், பிடிக்காவிட்டால் யார் காலையும் மிதிக்காமல் எழுந்து போகலாம்.

கேள்வி கேட்பது

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கித் தலைமையுரை ஆற்றுகிற ஒருவர் எந்த மாநாட்டிலும் இருப்பார். அவராக நீங்கள் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும், நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் தமிழ் மீடியம். முதல் இரண்டு மாநாடுகளில் வாயே திறக்கவில்லை. பிறகு கேள்வியை நோட்டில் ஒரே வாக்கியமாக எழுதி, எழுந்து நின்று அப்படியே வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேடையில் இருக்கிறவருக்கும் சில சமயம் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான், அதையும் நினைவில் வையுங்கள்.

"உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவர்கள் பயணம், இயற்கை, அம்மா என்று ஏதாவது சொல்லியாக வேண்டும், பாவம். இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

அந்த மூன்றாவது வரைவை ஏன் தூக்கிப்போட்டீர்கள்?

வாடிக்கையாளர் முதலில் வேண்டாம் என்று சொன்னது எதை?

அச்சுக்குப் போன பிறகு கண்ணில் பட்ட தப்பு எது?

மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் நல்ல பதில் கிடைத்திருக்கிறது. ஒருவர் சிரித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசினார், நெறியாளர் மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.

டீ இடைவேளை

மேடையை விட்டு இறங்கியதும் பேச்சாளரைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம் கூடும். அப்போது போகாதீர்கள். மறுநாள் காலை டிபன் நேரத்தில் அவர் தனியாக உப்புமாவைக் கிளறிக்கொண்டிருப்பார். அப்போது போய், பேச்சில் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். 'நன்றாக இருந்தது' போதாது, இடத்தைச் சொல்லுங்கள். "அந்தக் கீழ்வரி 'கி' விஷயம்" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

உங்கள் வேலையைக் காட்ட விரும்பினால் போனை நீட்டாதீர்கள். அச்சான ஒரே ஒரு தாளைக் கொண்டுபோங்கள். டிசைனர் கையில் தாளைக் கொடுத்தால் தடவிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார். அதற்குள் நாலு வார்த்தை பேசிவிடலாம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "இதில் இந்த மூலை எனக்கு உறுத்துகிறது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு "நீங்க தமிழா?" என்று அவரே கேட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அடுத்த டீ அவர் செலவு.

பக்கத்து நாற்காலிக்காரரையும் விட்டுவிடாதீர்கள். பேச்சாளரின் எண் உங்களுக்குக் கிடைத்தாலும் அவர் எடுக்கமாட்டார். பக்கத்தில் இருந்த பையன் எடுப்பான்.

திரும்பி வந்த பிறகு

ரயிலிலேயே நோட்டைத் திறந்து வலப்பக்கத்தை மட்டும் படியுங்கள். நாலைந்து வரிதான் இருக்கும். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, அந்த வாரமே மேசையில் இருக்கிற வேலையில் செய்து பாருங்கள். புது ப்ராஜெக்ட் எதுவும் தொடங்க வேண்டாம்.

என் கதையைச் சொல்கிறேன். அந்த வாரம் என் மேசையில் இருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அட்டையில் 'திருமணம்' என்ற சொல் கோல்டு ஃபாயிலில் வர வேண்டும். ஃபாயில் என்றால் சூடான உலோக பிளாக்கை வைத்து அழுத்துவது. எழுத்துக்குள் இருக்கும் சின்ன ஓட்டைகளை ஃபாயில் பாலம் கட்டி மூடிவிடும். நம் 'ண'வுக்கோ மூன்று சுழி. ப்ரூஃபில் முதல் சுழி அடைத்துப் பொட்டு மாதிரி ஆகிவிட்டது, மற்ற இரண்டும் பாதிக் கண் மூடியிருந்தன. வழக்கமாக நான் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த அட்டையில் பிள்ளையாருக்கும் மாலைக்கும் நடுவே பெரிதாக்க இடமில்லை.

நோட்டின் இடப்பக்கத்தில் கார்ட்டர் இருந்தார். அங்கே மை, இங்கே ஃபாயில். எழுத்தை அவுட்லைனாக, அதாவது திருத்தக்கூடிய வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, சுழிகளின் உள்வட்டத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். சுழி வந்து கோட்டில் சேரும் இடங்களில் ஒரு சின்ன ஆப்பு மாதிரி வெட்டினேன். திரையில் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பிளாக் போட எடுத்துப் போனபோது ஃபாயில் அடிக்கிற அண்ணன் பிலிமை லைட்டில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஃபான்ட் உடைஞ்சிருக்கே, வேற குடுங்க" என்றார். இப்படியே ஒன்று அடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

முதல் அடியில் சூடு அதிகம், ஓரம் பிசிறியது. கொஞ்சம் குறைத்து இரண்டாவது அடித்தார். அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'ண'வைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று ஓட்டையும் திறந்திருந்தது. "அந்த இன்னொரு கார்டு இருக்கே, 'அண்ணாமலை' வருமே, அதுக்கும் இதே மாதிரி வெட்டிக் குடுத்துடுங்க" என்றார்.